கொதிநிலைக்குச் சுழியம் இட்டவர்

வீட்டில் காய்ச்சல் என்றால் நாம் பாரன்ஹீட் அளவைச் சொல்கிறோம்; வானிலை அறிக்கையிலோ செல்சியஸ் அளவைக் கேட்கிறோம். இரண்டும் மனிதர் பெயர்கள் என்பதை நம் மாணவருள் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆண்டர்ஸ் செல்சியஸ் 1701 நவம்பர் 27 அன்று சுவீடனின் உப்சாலா நகரில் பிறந்தார். தந்தையார் வானியல் பேராசிரியர். பாட்டனார் இருவரும் கணிதத்திலும் வானியலிலும் வல்லவர்கள். 1730இல் தாமும் உப்சாலாவில் வானியல் பேராசிரியரானார். வடதுருவ ஒளியைப் பற்றி 316 நோக்கீடுகளைத் தொகுத்து 1733இல் வெளியிட்டார். 1736இல் பிரெஞ்சு அறிஞர் மோபெர்த்துயி தலைமையில் லாப்லாந்துக்குச் சென்ற குழுவில் இணைந்தார். பனியிலும் குளிரிலும் நிலத்தை அளந்த அக்குழு, பூமி துருவங்களில் தட்டையானது என்ற நியூட்டனின் கருத்தை உறுதிசெய்தது. 1741இல் உப்சாலாவில் அவரது வானாய்வகம் எழுந்தது.

எனினும் அவர் பெயரை நிலைநிறுத்தியது 1742இல் சுவீடன் அறிவியல் கழகத்திற்கு அளித்த ஒரு சிறு கட்டுரையே. அக்காலத்தில் வெப்பமானிகள் பல, அளவுகளும் பல. ஓரூரார் கணக்கு மற்றோரூரார்க்கு விளங்காது. செல்சியஸ் உருகும் பனியில் வெப்பமானியை மீண்டும் மீண்டும் வைத்துப் பார்த்தார். வடக்கே சென்றாலும் தெற்கே வந்தாலும், காற்றழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் அப்புள்ளி மாறவில்லை. கொதிநிலையோ காற்றழுத்தத்தைப் பொறுத்து மாறியது. ஆகவே அழுத்தத்தையும் குறித்தே அதைக் கொள்ள வேண்டும் என வரையறுத்தார். இவ்விரண்டுக்கும் இடையை நூறாகப் பகுத்தார். வியப்பு என்னவெனில், கொதிநிலைக்குச் சுழியமும் உறைநிலைக்கு நூறும் இட்டார்! வெப்பம் ஏற ஏற எண் இறங்கிய அளவு அது.

1744 ஏப்ரல் 25 அன்று காசநோய் அவரைக் கொண்டுசென்றது. வயது 42. அவர் மறைந்தபின் அளவு தலைகீழாகத் திருப்பப்பட்டது. திருப்பியவர் யார் என்பதில் அறிஞரிடையே வழக்குண்டு; தாவரவியலாளர் லின்னேயஸ் 1745இலேயே ஏறுமுக அளவைக் கையாண்டார்.

நம்மில் மூத்தோர் இதனைச் சென்டிகிரேடு என்றே படித்தோம். 1948இல் கூடிய அனைத்துலக அளவை மாநாடு அப்பெயரை விலக்கிச் செல்சியஸ் பெயரை ஏற்றது. எழுதும் முறையும் வகுக்கப்பட்டுள்ளது: எண்ணை அடுத்துச் சிறு இடைவெளி விட்டு, பாகைக்குரிய சிறுவட்டமும் ஆங்கிலப் பெரிய 'சி' எழுத்தும் ஒட்டி வரவேண்டும். நம் விடைத்தாள்களிலோ வட்டம் எண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. 'சி' தனியே நிற்கிறது. கெல்வின் அளவுக்கு இவ்வட்டமே கிடையாது. 1967இல் கூடிய மாநாட்டில் அது நீக்கப்பட்டது.

பழைய உப்சாலா தேவாலயத்தில், பாட்டனார் மாக்னஸ் செல்சியஸின் அருகே அவர் அடக்கம் செய்யப்பட்டுள்ளார்.