லேத்துக்குக் கை கொடுத்த ஹென்றி மாட்ஸ்லே



போன மாதம் எங்கள் வகுப்பில், நீ என்ன ஆகப் போகிறாய் என்று ஒவ்வொருவரையும் எழுப்பிக் கேட்டார்கள். டாக்டர், கலெக்டர், கம்ப்யூட்டர் இன்ஜினியர் என்று வரிசையாகப் பதில் வந்தது. நான் லேத் வேலை கத்துக்கிறேன் என்று சொன்னதும் ஒரே சிரிப்பு. மார்க் வராதவன்தான் லேத்துக்குப் போவான் என்றான் ஒரு நண்பன். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்காகத்தான் இந்தக் கட்டுரையே!

இரும்புலியூர் பக்கம் என் மாமா ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கிறார் (பேரிலேயே இரும்பு இருக்கிற ஊர்!). சமீபத்தில் பழைய மிஷின் ஒன்று வாங்கிப் போட்டார். கீழே லேத், அதன் மேலேயே மில்லிங். இரண்டு மிஷின் வைக்க இடம் இல்லாதவர்களுக்கு இது ரொம்ப வசதி. லேத்தில் இரும்பு சுற்றும், டூல் சுற்றாது. மில்லிங்கில் டூல் சுற்றும், இரும்பு சுற்றாது. வித்தியாசம் அவ்வளவுதான் என்று மாமா சுருக்கமாகச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள, நான் பழகுகிறேன். முதல் வாரம் 25 மி.மீ. கம்பி ஒன்றைக் கொடுத்து, 20 மி.மீ. ஆக்கச் சொன்னார். 5 மி.மீ. குறைக்கணும், அவ்வளவுதானே! கொஞ்சம் கொஞ்சமாக டூலை உள்ளே தள்ளி, மொத்தம் 5 மி.மீ. வந்ததும் நிறுத்தினேன். வெர்னியரை வைத்துப் பார்த்தால் 15 மி.மீ.! அப்புறம்தான் புரிந்தது. கம்பி சுற்றிக்கொண்டே இருப்பதால், டூல் 1 மி.மீ. உள்ளே போனால் இரண்டு பக்கமும் சேர்த்து 2 மி.மீ. குறையும். மாமா திட்டவில்லை. நடுவில் ஒரு தடவையாவது ஏன் அளந்து பார்க்கவில்லை என்று மட்டும் கேட்டார். அது திட்டியதை விட வலித்தது.

வகுப்பில் சிரித்த கதையையும் அவரிடம் சொன்னேன். இந்த மிஷினுக்கு இப்படி ஒரு உருவம் கொடுத்தவர் யார் என்று படித்துவிட்டு வா என்றார். படித்தேன். அவர்தான் ஹென்றி மாட்ஸ்லே.

இளமைக் காலம்

மாட்ஸ்லே 1771 ஆகஸ்ட் 22 அன்று, லண்டனுக்குப் பக்கத்தில் உல்விச் என்ற ஊரில் பிறந்தார். அப்பா ராணுவத்தில் வண்டிச் சக்கரம் செய்தவர். காயம்பட்ட பிறகு அந்த ஊர் ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்தார். ஹென்றிக்கு 9 வயது இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். பள்ளிக்கூடம் போக வேண்டிய 12 வயதில், அதே கிடங்கில் தோட்டாக்களுக்கு வெடிமருந்து நிரப்பும் வேலைக்குப் போனார். இரண்டு வருடம் கழித்துத் தச்சுப் பட்டறைக்கு மாற்றினார்கள். ஆனால் கை மரத்தில், மனசு பக்கத்துக் கொல்லுப் பட்டறையில்! கடைசியில் 15 வயதில் அங்கேயே சேர்ந்தார். அரத்தை எடுத்தால் அவர் கை தனி அழகு என்று ஊரே பேச ஆரம்பித்தது.

லண்டனில் ஜோசப் பிராமா என்ற பெரிய பூட்டு வல்லுநர் இருந்தார். திருடவே முடியாத பூட்டைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதை நுணுக்கமாகச் செய்துகொடுக்கத் தகுந்த ஆள் இல்லை. 18 வயது மாட்ஸ்லேயைக் கூப்பிட்டார். வந்தவரைப் பார்த்ததும் எல்லாருக்கும் சந்தேகம். அந்தக் காலத்தில் ஏழு வருடம் முறையாகத் தொழில் பழகியிருந்தால்தான் பட்டறையில் மதிப்பு. இவரிடம் அந்தக் கணக்கு இல்லை. அங்கே தேய்ந்துபோய்க் கிடந்த ஒரு வைஸைக் காட்டி, இன்று மாலைக்குள் இதைப் புதுசு மாதிரி ஆக்கிவிட்டால் சேர்த்துக்கொள்வீர்களா என்று இவரே கேட்டாராம். சொன்ன நேரத்துக்குள் முடித்தும் காட்டினாராம். வேலை கிடைத்தது!

அவர் கையால் செய்த பூட்டு ஒன்றை 1790-ல் பிராமா தன் கடை ஜன்னலில் வைத்தார். சாவி இல்லாமல் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்தார். வருடக்கணக்கில் யாராலும் முடியவில்லை. 1851-ல்தான் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் திறந்தார். அதற்கும் 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் போராட வேண்டியிருந்தது!

கூலி கேட்டார், வெளியே வந்தார்

மாட்ஸ்லே சீக்கிரமே பட்டறைக்குத் தலைமைத் தொழிலாளி ஆனார். கல்யாணமும் ஆனது. இன்று கிண்டியில் இருக்கிற நம் இன்ஜினியரிங் காலேஜ், 1794-ல் ஒரு சர்வே பள்ளியாகத் தொடங்கியது. அப்போது அங்கே லண்டனில் மாட்ஸ்லே 22 வயதுத் தொழிலாளி. வாரக் கூலி 30 ஷில்லிங்தான். குடும்பம் பெருகியதால் 1797-ல் கூலியை உயர்த்தித் தரச் சொல்லிக் கேட்டார். பிராமா மறுத்துவிட்டார். மாட்ஸ்லே சண்டை போடவில்லை. வெளியே வந்து ஒரு சின்னப் பட்டறை போட்டார். முதல் ஆர்டர் என்ன தெரியுமா? ஓர் ஓவியருக்குப் படம் வரைய இரும்புச் சட்டம்!

அப்படி என்ன செய்தார்?

அதற்கு முன் லேத்தில் வேலை செய்பவர் டூலைக் கையிலேயே பிடித்து, சுற்றுகிற உலோகத்தின் மேல் அழுத்த வேண்டும். கை நடுங்கினால் வேலை போச்சு. சாயங்காலம் ஆனால் கை சோர்ந்துவிடும். காலையில் செய்ததும் மாலையில் செய்ததும் ஒரே மாதிரி இருக்காது.

மாட்ஸ்லே டூலை ஓர் இரும்புப் பிடியில் இறுக்கி, அதை ஒரு சறுக்குப் பாதையில் உட்கார வைத்தார். கைப்பிடியைச் சுற்றினால் டூல் நேர்கோட்டில் நகரும். அதாவது லேத்துக்கு நடுங்காத ஒரு கையைக் கொடுத்தார்! அடுத்து, ஒரு நீளமான ஸ்குரூவைப் பல்சக்கரங்கள் வழியாக லேத்தோடு இணைத்தார். கம்பி ஒரு சுற்றுச் சுற்றினால் டூல் இவ்வளவுதான் நகரணும் என்று கணக்காகிவிட்டது. பல்சக்கரத்தை மாற்றினால் மரையின் அளவு மாறும். இந்த மாதிரி முயற்சிகள் அவருக்கு முன்பும் நடந்திருக்கின்றன. ஆனால் முழுக்க இரும்பில், பட்டறை வேலைக்கு உறுதியாக, துல்லியமாகச் செய்து காட்டியது அவர்தான். மாமா பட்டறை மிஷினிலும் அதே சறுக்கும் ஸ்குரூவும்தான் இருக்கின்றன. நான் போய்த் தொட்டுப் பார்த்தேன்!

இன்னொன்று. நாம் தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு கடையில் 8 மி.மீ. போல்ட்டும், வேறு கடையில் 8 மி.மீ. நட்டும் வாங்கினால் பொருந்திவிடுகிறது. அன்று அப்படி இல்லை. ஒவ்வொரு போல்ட்டுக்கும் அதற்கென்று பிறந்த ஒரே ஒரு நட்டுதான். ஜோடி மாறினால் சேராது. மாட்ஸ்லே தன் பட்டறையிலாவது மரைகளை ஒரே அளவுக்குக் கொண்டுவந்தார். அவர் செய்த ஒரு ஸ்குரூ 5 அடி நீளம். ஓர் அங்குலத்துக்கு 50 மரை! அதன் நட்டு 12 அங்குலம், உள்ளே 600 மரை!

அளந்து பார்க்கவும் கிட்டத்தட்ட 1805-ல் ஒரு மைக்ரோமீட்டர் செய்தார். ஓர் அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரை காட்டும். அது நம் தலைமுடி தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. அந்தக் கருவிக்கு அந்த நாட்டுத் தலைமை நீதிபதியின் பட்டப்பெயரையே வைத்துவிட்டார்கள். பட்டறையில் அளவு பற்றித் தகராறு வந்தால் அது சொல்வதே தீர்ப்பு, அப்பீல் கிடையாது.

கப்பலுக்குக் கப்பி

இங்கிலாந்துக் கடற்படைக்குப் பாய் ஏற்றும் கப்பிகள் வருடத்துக்கு ஒரு லட்சம் தேவைப்பட்டன. மார்க் புருனெல் என்பவர் வரைந்த திட்டப்படி, போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துக்கு 45 மிஷின்களைச் செய்துகொடுத்தார் மாட்ஸ்லே. 1808-ல் மட்டும் 1,30,000 கப்பிகள் தயாராகின. 110 கைத்தொழிலாளர்கள் செய்த வேலையைப் பத்துப் பேர் செய்தார்கள். மீதி நூறு பேர் பாடு என்ன ஆகியிருக்கும் என்றும் நாம் யோசிக்கத்தான் வேண்டும். மிஷின் வரும்போது இரண்டும் சேர்ந்தேதான் வருகிறது.

சீடர்கள்

பிறகு லாம்பெத் என்ற இடத்தில் பெரிய தொழிற்சாலை கட்டி, கப்பல்களுக்கு நீராவி இன்ஜின்கள் செய்தார். அவரிடம் பழகியவர்களைப் பாருங்கள். ஜோசப் விட்வொர்த் 1841-ல் எல்லாப் பட்டறைகளுக்கும் பொதுவாக ஒரே மரை அளவை முன்வைத்தார். ஜேம்ஸ் நாஸ்மித் பின்னாளில் நீராவிச் சம்மட்டியால் பெயர் பெற்றவர். இவர் 1829-ல் மாட்ஸ்லேயிடம் உதவியாளராகச் சேர்ந்தார். நட்டின் ஆறு பக்கங்களையும் சரியாகச் சீவ ஒரு மில்லிங் மிஷினை அங்கேதான் செய்தார். ஆக, எங்கள் மாமா மிஷினின் கீழ்ப்பாதிக்குக் குரு, மேல்பாதிக்குச் சீடன் என்று வைத்துக்கொள்ளலாம்!

பிரான்சில் நோய்வாய்ப்பட்டிருந்த நண்பரைப் பார்க்கப் போன மாட்ஸ்லே, திரும்பும் வழியில் குளிர் தாக்கிப் படுத்தார். 1831 பிப்ரவரி 14 அன்று, 59-ம் வயதில் காலமானார். பிறந்த உல்விச்சிலேயே அடக்கம் செய்தார்கள். கல்லறையும் வார்ப்பிரும்புதான்.

நண்பர்களே! மாட்ஸ்லே மார்க் வாங்காதவர் இல்லை, மார்க் வாங்கப் பள்ளிக்கூடமே கிடைக்காதவர். வெடிமருந்து நிரப்பிய பையன், உலகத்துப் பட்டறைகளுக்கெல்லாம் அளவு சொல்லிக்கொடுத்தார். அவர் திறமைக்குக் காரணம் கை மட்டும் இல்லை. சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடாமல், ஒவ்வொரு தடவையும் அளந்து பார்த்த குணம். மனிதர்களையும் அப்படித்தான் பார்க்கணும். அளக்காமலே மார்க் வராதவன் என்று சொல்லிவிடக் கூடாது.

போன ஞாயிறு மறுபடி ஒரு 25 மி.மீ. கம்பி எடுத்தேன். ஒவ்வொரு வெட்டுக்கும் மிஷினை நிறுத்தி அளந்தேன். ஒரு மணி நேரம் ஆனது. 20.05 மி.மீ. வந்தது. மாமா சிரித்துவிட்டு, இன்னொரு கம்பியை எடுத்துக் கையில் கொடுத்தார்!

புதிதாக லேத் பழகுபவர்களுக்கு:
1. சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு மிஷினைப் போடாதீர்கள். சாவி பறந்து வந்து அடிக்கும்.
2. தொளதொள சட்டை, துப்பட்டா, கைக்கயிறு, மோதிரம் வேண்டாம். கையுறையும் வேண்டாம், மிஷின் இழுத்துக்கொள்ளும்.
3. கண்ணாடி போடாமல் பக்கத்தில் போகாதீர்கள்.
4. இரும்புச் சுருளைக் கையால் எடுக்காதீர்கள். கத்தி மாதிரி அறுக்கும்.
5. மிஷின் நின்ற பிறகு அளங்கள். ஆனால் கட்டாயம் அளங்கள்!

– பத்தாம் வகுப்பு மாணவன்