விருதைக் கொடுத்து வெளியே அனுப்பினார்கள்: எர்னி டேவிஸின் கதை

புத்தாண்டு அன்று அமெரிக்காவில் நம்மவர்களில் பலர் காலையில் கோயிலுக்குப் போவோம், மதியம் நண்பர்கள் வீட்டில் சாப்பிடுவோம். பக்கத்து வீட்டு அமெரிக்கரோ டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். அன்றைக்குக் கல்லூரி ஃபுட்பாலின் 'பௌல்' ஆட்டங்கள் நடக்கும். இது நம்ம ஊர் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம். இலையுதிர் காலத்தோடு சீசன் முடிந்ததும், நன்றாக ஆடிய இரண்டு பல்கலைக்கழக அணிகளை அழைத்து, பெரும்பாலும் குளிர் குறைவான ஊர்களில் மோத விடுவார்கள். கலிஃபோர்னியாவில் ரோஸ் பௌல், ஃபுளோரிடாவில் ஆரஞ்சு பௌல், லூசியானாவில் சுகர் பௌல். பருத்தி விளையும் டெக்சாஸில் 1937 முதல் காட்டன் பௌல்.

நான் டல்லாஸுக்கு வேலைக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. பழைய காட்டன் பௌல் மைதானம் இங்கே ஃபேர் பார்க்கில் இருக்கிறது. ஒவ்வொரு அக்டோபரிலும் ஸ்டேட் ஃபேர் பொருட்காட்சிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோமே, ராட்டினமும் சோளமாவில் பொரித்த கார்ன் டாக்கும் இருக்கும் அதே வளாகம்தான். அந்தப் பெயரில் நடக்கும் ஆட்டம் 2010-லேயே ஆர்லிங்டனுக்கு மாறிவிட்டது, மைதானம் மட்டும் இன்னும் நிற்கிறது. 1960 ஜனவரி 1 அன்று அங்கே ஆடிய இருபது வயசுப் பையன் ஒருவரின் வாழ்க்கை, இந்த நாட்டில் குடியேறிய நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று என்று நினைக்கிறேன்.

அவர் பெயர் எர்னி டேவிஸ். 1939 டிசம்பர் 14-ல் பென்சில்வேனியாவில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். பிறப்பதற்கு முன்பே அப்பா விபத்தில் இறந்துவிட்டார். யூனியன்டவுன் என்கிற நிலக்கரிச் சுரங்க ஊரில் தாத்தா, பாட்டிதான் வளர்த்தார்கள். சின்ன வயசில் பேச்சு திக்கும். பன்னிரண்டு வயசில் அம்மாவோடு நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா ஊருக்கு வந்தார். அங்கே பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து, ஃபுட்பால் இரண்டிலும் கொடிகட்டிப் பறந்தார். 'எல்மைரா எக்ஸ்பிரஸ்' என்ற பட்டப்பெயர் வந்தது.

பல கல்லூரிகள் கூப்பிட்டன. அவர் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்க முக்கியக் காரணம் ஜிம் பிரவுன். அதே கல்லூரியில் 44-ம் எண் சட்டை போட்டு ஆடி, பிறகு கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியில் பெரிய நட்சத்திரமானவர். கறுப்பினத்தவர் என்பதால் அந்தக் கல்லூரியில் தான் பட்ட கசப்புகளை மனசில் வைத்துக்கொண்டே, அடுத்து வருகிறவனுக்கு வழி கொஞ்சமாவது சுலபமாகட்டும் என்று நேரில் வந்து பேசினார். டேவிஸுக்கும் அதே 44-ம் எண் கொடுக்கப்பட்டது.

1959 சீசனில் சிரக்யூஸ் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. பௌல் ஆட்டத்துக்கு முன்பே நாட்டின் நம்பர் ஒன் அணி என்று அறிவிக்கப்பட்டுவிட்டது. எதிரணி டெக்சாஸ் பல்கலைக்கழகம். அந்த அணியில் ஒரு கறுப்பின வீரர்கூடக் கிடையாது; 1970 வரைக்கும் அங்கே அப்படித்தான். சிரக்யூஸ் அணியில் மூன்று பேர்: எர்னி டேவிஸ், ஜான் பிரவுன், ஆர்ட் பேக்கர்.

ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு டேவிஸுக்குப் பின்தொடைத் தசையில் காயம். ஆடுவாரா என்பதே சந்தேகம். ஆனால் ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே, சக வீரர் கெர்ஹார்ட் ஷ்வெடஸ் வீசிய பந்தைப் பிடித்து எல்லைக்கோடு வரை ஓடிவிட்டார். மொத்தம் 87 கெஜம். மைதானத்தின் நீளமே 100 கெஜம்தான் என்பதை வைத்துப் பாருங்கள். பிறகு இன்னொரு டச்டவுன். எதிரணி வீசிய பந்தை இடையில் பறித்து மூன்றாவது டச்டவுனுக்கும் வழி செய்தார். சிரக்யூஸ் 23, டெக்சாஸ் 14. அந்த 23-ல் 16 புள்ளிகள் டேவிஸ் எடுத்தவை.

இடைவேளைக்குச் சற்று முன்பு மைதானத்திலேயே கைகலப்பு நடந்தது. ஜான் பிரவுனை நிறத்தைச் சொல்லித் திட்டியதில் கிளம்பிய சண்டை அது. இரண்டு அணிகளும் உள்ளே இறங்கின. டேவிஸ் அதிலும் தன் ஆட்டத்தை விடவில்லை. அன்றைய சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான்.

அன்று இரவு டல்லாஸில் இரண்டு அணிகளுக்கும் விருந்து. டேவிஸுக்கு விருது கொடுத்தார்கள், கை தட்டினார்கள். அதன்பிறகு கறுப்பின வீரர்கள் மூன்று பேரும் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்றார்கள். வெள்ளையர்களுக்கான கூடம், அதுதான் இந்த ஊர் வழக்கம். ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தவன் விருதோடு வெளியே போக வேண்டும், தோற்ற அணி உள்ளே இருக்கலாம்.

அந்த அறையில் நடந்த இன்னொரு விஷயத்தை நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. இவர்கள் மூன்று பேரும் போவதென்றால் நாம் எல்லாருமே எழுந்து போய்விடலாம் என்று ஒருவர் சொன்னார். பகலில் அந்த 87 கெஜப் பந்தை வீசிய அதே ஷ்வெடஸ். அவர் ஜெர்மனியில் பிறந்து, பிள்ளைப் பருவத்தில் அமெரிக்கா வந்தவர். நம்மைப் போல ஒரு குடியேறிக் குடும்பத்துப் பையன். பிரச்சினை பெரிதாகிவிடும் என்று கல்லூரி நிர்வாகிகள் அதைத் தடுத்துவிட்டார்கள். மூன்று பேர் கிளம்பினார்கள், மற்றவர்கள் இருந்தார்கள்.

டேவிஸ் அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டே இருந்தார். ஜிம் பிரவுனின் கல்லூரிச் சாதனைகளைத் தாண்டினார். 1961 டிசம்பரில், சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். அப்போது நியூயார்க்கில் இருந்த ஜனாதிபதி கென்னடி அவரை அழைத்துச் சந்தித்தார். அதே மாதம் கடுங்குளிரில் பிலடெல்பியாவில் நடந்த லிபர்ட்டி பௌலில் மயாமி அணியை சிரக்யூஸ் 15-14 என்று வென்றது. அங்கேயும் சிறந்த வீரர் அவர்தான். இதற்கிடையில் பொருளாதாரத்தில் பட்டமும் வாங்கினார்.

தொழில்முறை அணிகளுக்கான தேர்வில் அந்த வருஷம் முதல் பெயர் அவருடையது. தேர்ந்தெடுத்தது வாஷிங்டன் அணி, என்.எஃப்.எல்.லில் அதுவரை கறுப்பினத்தவரைச் சேர்க்காமல் அடம்பிடித்த ஒரே அணி. அவர்கள் ஆடப்போகும் புது மைதானம் அரசு நிலத்தில் இருந்தது. பாகுபாடு காட்டினால் இங்கே ஆட முடியாது என்று உள்துறைச் செயலர் ஸ்டூவர்ட் யூடால் நெருக்கியபிறகுதான் மனசு மாறினார்கள். பிறகு டேவிஸைக் கிளீவ்லாந்துக்குக் கொடுத்துவிட்டு, பாபி மிட்செல் என்ற இன்னொரு கறுப்பின வீரரைப் பெற்றுக்கொண்டார்கள். ஆக, அந்த அணிக்கு ஒரு நாள்கூட ஆடாமலே அதன் கதவைத் திறக்கக் காரணமாக இருந்தார் டேவிஸ். கிளீவ்லாந்தில் ஜிம் பிரவுனும் அவரும் சேர்ந்து ஓடப்போவதை ரசிகர்கள் எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள்.

அது நடக்கவே இல்லை. 1962 கோடையில் உடம்பு சரியில்லை என்று பரிசோதித்தபோது ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. நோயின் பெயரை அவரிடம் சொன்னதே சில மாதம் கழித்துத்தான். நடுவில் நோய் அடங்கி இருந்தபோது பயிற்சிக்குத் திரும்பப் பார்த்தார், பயிற்சியாளர் ஆட விடவில்லை. சாவு பக்கத்தில் நிற்கும்போது ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதினார். தன்னைத் துரதிர்ஷ்டசாலி என்று யாரும் நினைக்க வேண்டாம் என்பதுதான் அதன் சாரம். 1963 மே 18 அன்று கிளீவ்லாந்தில் இறந்தார். வயசு 23. எல்மைராவில் அவர் உடலைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். ஓர் ஆட்டத்தில்கூட அவர் போடாத 45-ம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று கிளீவ்லாந்து அணி முடிவு செய்தது.

2008-ல் 'தி எக்ஸ்பிரஸ்' என்று அவரைப் பற்றி ஒரு படம் வந்தது. பிள்ளைகளோடு பார்க்கலாம். ஆனால் அதில் மேற்கு வர்ஜீனியாவில் ரசிகர்கள் வெறுப்பைக் கொட்டும் ஓர் ஆட்டம் வருகிறது. அந்த வருஷம் அந்த அணியோடு நடந்த ஆட்டம் உண்மையில் சிரக்யூஸில்தான் நடந்தது. டல்லாஸ் விருந்து போன்ற நிஜங்களே போதும், கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். தேதிகளைப் பாருங்கள். டேவிஸ் இறந்து ஒரு வருஷம் கொஞ்சம் கழித்து, 1964 ஜூலையில், ஓட்டல்களிலும் பொது இடங்களிலும் நிறம் பார்த்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதற்கு அடுத்த வருஷம், 1965-ல், புதிய குடியேற்றச் சட்டம். அதற்கு முன்பு இந்தியாவுக்கு வருஷத்துக்கு 100 பேர் என்பதுதான் குடியேற்ற ஒதுக்கீடு. நிறத்தையும் பிறந்த நாட்டையும் வைத்து மனுஷனை அளக்கக் கூடாது என்று தெருவில் இறங்கிப் போராடி அடிவாங்கியவர்கள் கறுப்பின மக்கள். அந்தக் காற்றில்தான் நமக்கும் கதவு திறந்தது. என் விசாவுக்கும் கிரீன் கார்டு வரிசைக்கும் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

அப்படியிருந்தும் வீடு வாங்கும்போது, அந்த ஏரியாவில் யார் யார் இருக்காங்க என்று நம்மில் பலர் குரலைத் தாழ்த்திக் கேட்கிறோம். கேள்வி எதைப் பற்றியது என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும், பின்சீட்டில் இருக்கும் பிள்ளைக்கும் தெரியும். தனிப்பந்தி என்றால் என்னவென்று தெரியாத சமூகமா நாம்? அலுவலகத்தில் ஒருவருக்கு அநியாயம் நடந்தால், விசாவில் இருக்கோம், நமக்கெதுக்கு வம்பு என்று ஒதுங்குவதும் உண்டு. அந்தப் பயம் நிஜமானது, அதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அன்றைக்கு அந்த நிர்வாகிகள் சொன்னதும் ஏறக்குறைய இதே வார்த்தைதான்: பிரச்சினை பெரிதாகிவிடும்.

டேவிஸைப் போல ஓடுவது ஆயிரத்தில் ஒருவருக்கு வாய்க்கும். ஷ்வெடஸ் மாதிரி எழுந்திருக்கலாம் என்று சொல்வது யாருக்கும் முடியும். இங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு பேரையும் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள். அப்படி ஒரு மேசையில் அவர்கள் உட்கார்ந்திருக்கும் நாள் வந்தால் என்ன செய்வார்கள் என்பது, இப்போது நம் வீட்டில் நாம் பேசும் பேச்சைப் பொறுத்துத்தான் இருக்கும்.