ஒட்டகத்தின் பெயர் கொண்ட பூச்சி

நாம் இருக்கும் வளைகுடா நாடுகளில் ஒட்டகத்தைப் பார்க்காத பிள்ளைகள் உண்டா? அதன் முதுகில் ஒரு திமில் இருக்கும். இதே ஒட்டகத்தின் பெயரோட ஒரு பூச்சி இருக்கு, தெரியுமா? ராத்திரியில விளக்கைச் சுத்திச் சுத்திப் பறக்குமே, அந்த அந்துப்பூச்சிகளில் ஒரு வகை அது. பெயர் வைத்தவர் கார்ல் லின்னேயஸ்.

லின்னேயஸ் 1707-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டில் பிறந்தார். அவருடைய அப்பாவுக்குத் தோட்டம் என்றால் உயிர். பையனுக்கும் செடிகொடி மேலதான் ஆசை. பள்ளிப் பாடத்தில் மனம் போகவில்லை. இவனுக்குப் படிப்பு வராது என்று ஆசிரியர்கள் சொல்லிவிட்டார்கள். அப்பா மனம் உடைந்துபோனார். ஏதாவது கைத்தொழில் பழக அனுப்பிவிடலாம் என்று நினைத்தார்.

அப்போது ராத்மன் என்ற மருத்துவர் கைகொடுத்தார். பையனின் ஆசையைப் புரிந்துகொண்டு, அவரே செடிகளைப் பற்றிப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பையன் வளர்ந்து, 1741-இல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்!

அந்தக் காலத்தில் ஒரே பூச்சிக்கு ஊருக்கு ஒரு பெயர். அறிஞர்கள் எழுதிய பெயரோ ஒரு முழு வரி நீளம். யார் எதைச் சொல்கிறார் என்றே புரியாது. நம்ம வகுப்புல ரெண்டு கார்த்திக் இருந்தா என்ன செய்வோம்? இனிஷியலையும் சேர்த்துக் கூப்பிடுவோம், இல்லையா? லின்னேயஸும் ஒவ்வோர் உயிருக்கும் இரண்டு சொற்களில் பெயர் வைத்தார். முதல் சொல் கூட்டத்தின் பெயர், அதுதான் பேரினம். இரண்டாம் சொல் அந்த உயிரைத் தனியாகக் காட்டும். விலங்குகளுக்கு இப்படிப் பெயர் வைத்த நூலை 1758-இல் வெளியிட்டார். அதில் நம்ம ஊர் ஒட்டகம் கமேலஸ் டிரோமெடேரியஸ் ஆனது.

பின்பு ஐரோப்பாவில் வாழும் ஓர் அந்துப்பூச்சிக்கும் டிரோமெடேரியஸ் என்றே பெயர் வைத்தார். அதன் புழுவைப் பார்த்தால் சிரிப்பு வரும். முதுகில் திமில் மாதிரி மேடு மேடாக இருக்கும்!

ஆனால் லின்னேயஸ் பெரும்பாலான அந்துப்பூச்சிகளை ஒரே பேரினத்தில் சேர்த்திருந்தார். அது சரியாக வரவில்லை. அவர் 1778-இல் இறந்த பிறகு, 1810-இல் ஓக்சன்ஹைமர் என்பவர் இந்தப் பூச்சியை வேறு பேரினத்துக்கு மாற்றினார். இப்போது அதன் பெயர் நோட்டோடோண்டா டிரோமெடேரியஸ். நோட்டோடோண்டா என்றால் முதுகுப் பல். இறக்கையை மடக்கி உட்காரும்போது முதுகில் பல் போல ஒரு சிறு குஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும்.

முதல் பெயர் மாறியது. ஒட்டகப் பெயர் மாறவில்லை. படிப்பு வராது என்று சொல்லப்பட்ட அந்தப் பையன் காட்டிய வழியில்தான் இன்றும் உலகமெங்கும் உயிர்களுக்குப் பெயர் வைக்கிறார்கள்.

இன்னைக்கு ராத்திரி உங்க வீட்டு வாசல் விளக்குல ஒரு பூச்சி வந்து உட்கார்ந்தா, விரட்டாதீங்க. கொஞ்ச நேரம் உத்துப் பாருங்க. நீங்க என்ன பெயர் வைப்பீங்க?