திருப்பதி கேட்டுத் திருத்தணி பெற்றவர்

அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா செல்லும் ரயில், திருத்தணியைத் தாண்டிச் சில மைல் போனதும் ஆந்திரத்துக்குள் நுழைந்துவிடுகிறது. அந்த எல்லை அங்கே விழுந்ததற்குப் பெரிய காரணம் ம.பொ. சிவஞானம்.

1906 ஜூன் 26-ல் சென்னை ஆயிரம் விளக்கில் பிறந்தவர். வீட்டில் வறுமை. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. அச்சகத்தில் எழுத்துக் கோத்துப் பிழைத்தார். 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் சிறைப்பட்டு அமராவதிக்குக் கொண்டுபோகப்பட்டார். அங்கே வயிற்றுப்புண் உடம்பை உருக்கிவிட்டது. ஆனால் சிலப்பதிகாரத்தைக் கரைத்துக் குடித்ததும் சிறையில்தான். பிற்காலத்தில் 'சிலம்புச் செல்வர்' ஆனது அப்படித்தான்.

1946-ல் தமிழரசுக் கழகம் கண்டார். தமிழகத்தின் வட எல்லை வேங்கடம் என்பது தொல்காப்பியப் பாயிரம் சொல்லும் கணக்கு. அதைக் கையில் பிடித்துக்கொண்டு 1947-ல் திருப்பதிக்கே வந்தார். எதிர்ப்பு பலமாக இருந்தது. திருத்தணி வட்டாரத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்துவந்த ஆசிரியர் மங்கலங்கிழார் அவருக்குத் தோள் கொடுத்தார்.

1952 டிசம்பர் 15-ல் ஆந்திர ராஜ்யம் கேட்டு உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு உயிர் நீத்தார். நாடே கொந்தளித்தது. சென்னை நகரமும் ஆந்திரத்துக்கே என்ற கோரிக்கை எழுந்தது. அதை எதிர்த்து நின்றவர்களில் முன்வரிசைக்காரர் ம.பொ.சி. சென்னை தங்கியது. ஆனால் 1953 அக்டோபர் 1-ல் பிறந்த ஆந்திரத்தோடு சித்தூர் ஜில்லா முழுவதும் போயிற்று. திருத்தணியும் சேர்த்துத்தான்!

அந்த ஆண்டு திருத்தணியில் மறியல் செய்து சிறை சென்றார். எல்லைக் கிளர்ச்சியை விட மறுத்ததால் காங்கிரசோடு இருந்த நெடுநாள் உறவும் 1954-ல் முறிந்தது. மந்திரி பதவிக்கு ஆசைப்பட்டவர் செய்கிற காரியமா இது?

பின்னர் மத்தியஸ்தராக வந்தவர் படாஸ்கர். கிராமத்தை அலகாக வைத்து, எந்த மொழி பேசுவோர் அதிகம் என்று பார்த்தார். பழைய பாட்டும் கல்வெட்டும் அந்தக் கணக்கில் ஏறவில்லை. நியாயமான விதிதான்; ஆனால் அந்த விதியை ஏற்ற பிறகு திருப்பதியைக் கேட்க வழியில்லை. 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி தமிழகம் திரும்பியது. பதிலுக்குச் செங்கற்பட்டு ஜில்லாவின் சத்தியவேடு ஆந்திரம் சென்றது. திருத்தணி திரும்பியதைப் பார்க்க மங்கலங்கிழார் இல்லை, 1953-லேயே காலமாகிவிட்டார்.

திருப்பதி, புத்தூர், நகரி, சித்தூர் நகரம் எல்லாம் இந்தப் பக்கமே நின்றுவிட்டன. இங்கே வீட்டில் தமிழும் கடைவீதியில் தெலுங்குமாக வாழ்கிற நம்மவர் குடும்பங்கள் அந்த ஏற்பாட்டின் மிச்சம். வென்றதை மட்டும் பேசுகிறவர்கள் இவர்களை மறந்துவிடுகிறார்கள்.

கப்பலோட்டிய தமிழன் வ.உ.சி.யின் வரலாற்றை எழுதியவர், 1966-ல் சாகித்ய அகாடமி பரிசு பெற்றவர், தமிழக மேலவைத் தலைவராக இருந்தவர் ம.பொ.சி. 1995 அக்டோபர் 3-ல் சென்னையில் காலமானார்.