முதலும் முயற்சியும்: எஸ்.எஸ். வாசன் வாழ்க்கை

பாடுவோர்க்குப் புரவலர் வேண்டும் என்பதைச் சங்கப் புலவர்கள் மறைத்ததில்லை. ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் பாணனை ஆற்றுப்படுத்தும் சிறுபாணாற்றுப்படை, வழியில் எயிற்பட்டினத்தைக் காட்டுகிறது. அப்பட்டினம் நம் பிரம்மதேசத்திற்கு அண்மையிலுள்ள மரக்காணமே என்பது ஆய்வாளர் பலர் கருத்து. அக்காலப் புரவலர் மறைந்தனர். பின்வந்த ஜமீன்களும் மறைந்தன. இருபதாம் நூற்றாண்டில் தமிழ்க் கவிஞர்க்கும் எழுத்தாளர்க்கும் மாதந்தோறும் ஊதியம் தந்த இடங்களுள் ஒன்று திரைப்பட நிலையம். அவ்வூதியம் எங்கிருந்து வந்தது, அதற்காக யார் கடன்பட்டார் என்ற வினாக்களுக்கு எஸ்.எஸ். வாசனின் வாழ்க்கை தக்க விடை தருகிறது.

இளமையும் இதழும்

திருத்துறைப்பூண்டியைச் சேர்ந்த சீனிவாசன் இளமையிலேயே தந்தையை இழந்து, தாயுடன் சென்னைக்கு வந்தார். வறுமையே அவருக்கு முதல் ஆசான். விளம்பரம் திரட்டித் தருவதும், பொருள்களை அஞ்சல்வழி விற்பதும் அவர் கைக்கொண்ட தொடக்கத் தொழில்கள். 1928இல் பூதூர் வைத்தியநாதையரிடமிருந்து ஆனந்த விகடனை வாங்கினார். எழுத்துக்கு 25 ரூபாய் வீதம், எட்டெழுத்துப் பெயருக்கு 200 ரூபாய் கொடுத்தார் என்பது இதழியல் உலகம் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. கதையும் நகைச்சுவையும் குறுக்கெழுத்துப் போட்டியும் அவ்விதழை வீடுதோறும் கொண்டு சேர்த்தன. விற்பனையாலும் விளம்பரத்தாலும் தொடர்ந்து பணம் வரும் ஒரு தொழில் அவர் கையில் இருந்தது. திரைத்துறையில் அவர் பின்னாளில் காட்டிய துணிவுக்கு இதுவே அடிநிலை.

திரைத்துறையில் நுழைவு

வாசன் எழுதிய சதி லீலாவதி, எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் 1936இல் படமாக வெளிவந்தது. எம்.ஜி.ஆர். முதன்முதலில் திரையில் தோன்றியது அப்படத்தில்தான். கதாசிரியராக நுழைந்த வாசன் விரைவில் விநியோகஸ்தர் ஆனார். அத்துறையின் பணப்புழக்கம் முழுவதையும் அவருக்குக் கற்பித்தது அந்த அனுபவமே.

திரைப்படம் முடிந்து திரைக்கு வரும்வரை விலைபோகும் பண்டமன்று. பாதியில் நின்ற படச்சுருளை அக்காலத்தில் வங்கிகள் ஈடாக ஏற்பதில்லை. எனவே தயாரிப்பாளர் வட்டார உரிமையை முன்கூட்டியே விற்று, விநியோகஸ்தரிடம் முன்பணம் பெறுவார். எஞ்சிய தேவைக்கு வட்டிக்கு வாங்குவார். படப்பிடிப்பு ஒரு மாதம் தள்ளிப்போனால் வட்டியும் ஒரு மாதம் வளரும். உப்பளத்தின் ஓரத்தில் வாழும் நமக்கு இது விளங்காத கணக்கன்று. பாத்தியில் உப்பு பூக்குமுன்னே முன்பணம் கைமாறுவதையும், பருவந்தவறிய ஒரு மழை அவ்வளவையும் கரைத்துவிடுவதையும் நாம் கண்டிருக்கிறோம்.

இக்கணக்கின் இரு பக்கங்களையும் 1939, 1940 ஆகிய இரண்டே ஆண்டுகள் காட்டிவிட்டன. கே. சுப்பிரமணியம் இயக்கிய தியாகபூமி 1939இல் வெளிவந்தது. கல்கியின் அக்கதை, படக்காட்சிகளின் ஒளிப்படங்களுடன் விகடனில் தொடராக வந்தது. தொடர் படத்துக்கு விளம்பரமாயிற்று. படம் தொடருக்கு வாசகரைச் சேர்த்தது. விநியோக உரிமை வாசனிடம் இருந்தது. ஆனால் சுப்பிரமணியத்தின் படப்பிடிப்பு நிலையம் தீக்கு இரையாயிற்று. ஏலத்திற்கு வந்த அந்நிலையத்தை 1940இல் ரூ. 86,427-11-9க்கு எடுத்தவர் வாசன். அணாவும் பையும் விடாத இத்தொகை திரைப்பட வரலாற்றில் நிலைத்துவிட்டது. ஜெமினி எழுந்த நிலம், பெருங்கலைஞர் ஒருவர் தீயில் இழந்த நிலம் என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும். இருவருள் ஒருவர் திறமை குன்றியவர் அல்லர். நட்டம் நேர்ந்தபோது தாங்கிக்கொள்ள வேறொரு வருவாய் இருந்ததா என்பதே வேறுபாடு.

முப்பது இலட்சம்

மதனகாமராஜன் (1941), நந்தனார் (1942), மங்கம்மா சபதம் (1943) ஆகியன ஜெமினியை நிலைநிறுத்தின. இரண்டாம் உலகப் போரால் படச்சுருள் அருகி, படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேற்படலாகாது என அரசு வரையறுத்த காலம் அது. அந்நெருக்கடிக்கு இடையே வாசன் சந்திரலேகாவைத் தொடங்கினார். பணி ஆண்டுக்கணக்கில் நீண்டது. முதலில் இயக்கிய ஆச்சார்யா விலகவே, இயக்கத்தையும் வாசனே ஏற்றார். கதையில் சர்க்கஸ் நுழைந்தது. சர்க்கஸ் குழுவினரைப் படப்பிடிப்புக்கெனத் தங்கவைக்க வேண்டியதாயிற்று. முரசு நடனக் காட்சி ஒன்றுக்கே 5 இலட்சம் ரூபாய் செலவாயிற்று என்பர். நூற்றுக்கணக்கான நடனமாதர் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தனர். மொத்தச் செலவு ஏறத்தாழ 30 இலட்சத்தை எட்டியது. சொத்துகளை அடகு வைத்தும், கடன் வாங்கியும் வாசன் படத்தை முடித்தார்.

1948 ஏப்ரல் 9இல் வெளிவந்த தமிழ்ப்படத்தை மக்கள் திரண்டு கண்டனர். ஆயினும் தமிழ்நாட்டு வசூல் மட்டும் அச்செலவை ஈடுசெய்யவில்லை. வாசனின் மதிநுட்பம் இங்கேதான் வெளிப்பட்டது. செலவைக் குறைப்பதற்குக் காலம் கடந்துவிட்டது. சந்தையை விரிப்பதற்குக் கடக்கவில்லை. உரையாடலை மாற்றி, சில காட்சிகளைச் சேர்த்து, அவ்வாண்டு டிசம்பரில் இந்தியில் வெளியிட்டார். 600க்கும் மேற்பட்ட பிரதிகள் எடுக்கப்பட்டன என்பர். வடநாட்டு நகரங்கள் அதுவரை கண்டிராத அளவில் விளம்பரம் செய்யப்பட்டது. செய்த செலவையே செய்தியாக்கி விளம்பரப்படுத்தும் கலை, விளம்பரத் தொழிலில் வளர்ந்தவருக்கு எளிதாகக் கைவந்தது. கடன் தீர்ந்தது, தென்னகப் படங்களுக்கு வடநாட்டு வாயிலும் திறந்தது.

கதை இலாகா

வந்த பணம் எழுத்தாளரையும் அடைந்தது. ஜெமினியின் கதை இலாகாவில் கவிஞர் கொத்தமங்கலம் சுப்பு முதலானோர் மாத ஊதியத்தில் பணியாற்றினர். கே.பி. சுந்தராம்பாள் நடிக்கச் சுப்பு இயக்கிய ஔவையார் 1953இல் வெளிவந்தது. காதலும் சண்டையும் முதன்மை பெறாத, முதிய பெண்பாற் புலவர் ஒருவரின் கதைக்குப் பெருஞ்செலவு செய்யத் துணிந்தார் வாசன். அதற்கு இடமளித்தது சந்திரலேகா ஈட்டிய வலிமையே எனலாம். அந்நிலையத்தில் பல்லாண்டு பணியாற்றிய அசோகமித்திரன் அக்காலத்தைப் பின்னாளில் எழுத்தில் பதிந்துவைத்தார். நிலையத்தில் அவர் பார்த்தது இலக்கியப் பணியன்று. எனினும் தமிழ்ப் புனைகதைக்கு அவ்வனுபவம் வித்தாயிற்று.

மதிப்பீடு

வாசன் 1964இல் மாநிலங்களவை உறுப்பினரானார். 1969இல் பத்மபூஷண் விருது பெற்றார். அவ்வாண்டு ஆகஸ்டு 26இல் மறைந்தார். அவருக்குப் பின் ஜெமினி நிலையம் நெடுங்காலம் நீடிக்கவில்லை. சென்னையில் 1973இல் திறக்கப்பட்ட அண்ணா மேம்பாலத்தை மக்கள் ஜெமினி மேம்பாலம் என்றே வழங்குகின்றனர்.

இதழ், விநியோகம், நிலையம், விளம்பரம் ஆகிய நான்கும் ஒரே கையில் கூடியதால் வாசன் வென்றார். அந்த நான்கும் இல்லாதவர் அவரைப் போலச் செலவிட்டால் கடனே மிஞ்சும். தனியொருவர் சொத்தை நம்பி ஒரு கலை நிற்கலாகாது என்ற உணர்வு ஆட்சியாளர்க்கும் பின்னர் வந்தது. எஸ்.கே. பாட்டீல் குழு 1951இல் பரிந்துரைத்த திரைப்பட நிதிக் கழகம் 1960இல் அமைந்தது. திரைத்துறைக்குத் தொழில் என்னும் தகுதியை 1998இல்தான் மைய அரசு அறிவித்தது. வாசன் மறைந்து அப்போது ஏறத்தாழ 29 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கவிஞராகிய நாம் பணத்தைப் பற்றிப் பேசக் கூசுகிறோம். பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டமும் உறுப்பினர் சந்தாவால் நடப்பது. இம்மலரும் நன்கொடையாலும் விளம்பரத்தாலும் அச்சேறுவது. நல்லியக்கோடனின் கொடையைப் பாடிய புலவர் அதைப் பாடக் கூசவில்லை. ஒரு கலைப்படைப்பைப் போற்றும்போது அதற்காகக் கடன்பட்டவரையும், கடனில் நிலையத்தை இழந்தவரையும் ஒருசேர நினைப்பதே நேரிய திறனாய்வு. அவ்வகையில் வாசனின் கணக்கேடும் தமிழ்க் கலை வரலாற்றின் ஏடுகளுள் ஒன்றாகக் கொள்ளத்தக்கது.