அறத்திற்கு அளவுகோல் தந்த பேராசிரியர் லட்சுமி நரசு

கடவுளுக்கு அஞ்சாதவன் வேறு எதற்கு அஞ்சி அறம் செய்வான்? பௌத்தம் தழுவிய நம்மை நோக்கிப் பிறர் அடிக்கடி தொடுக்கும் வினா இது. இதற்கு அறிவு நெறி நின்று விடை கூறிச் சென்றவருள் தலையாயவர் சென்னையில் வாழ்ந்த பேராசிரியர் பொக்கல லட்சுமி நரசு அவர்கள்.

1861ஆம் ஆண்டில் பிறந்த நரசு அவர்கள் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பௌதிகமும் இரசாயனமும் கற்பித்தார். ஆய்வுக்கூடத்தில் ஒரு பொருளின் தன்மையை அறிய விரும்புவோன் பழைய ஏட்டைப் புரட்டி அமைதி கொள்வதில்லை. பொருளையே சோதித்துப் பார்க்கிறான். ஒழுக்கத்தையும் அவ்வாறே அதன் விளைவால் சோதிக்கலாகாதா? இக்கேள்வியே அவர் சிந்தனைக்கு அடிப்படையாயிற்று.

பண்டித அயோத்திதாசர் 1898ஆம் ஆண்டில் தொடங்கிய பௌத்த மறுமலர்ச்சியில் நரசு அவர்களும் முன்னின்று உழைத்தார். 1907ஆம் ஆண்டில் 'பௌத்த சாரம்' என்னும் பொருள்படும் தலைப்பில் ஓர் ஆங்கில நூலை வெளியிட்டார். அதில் பௌத்தத்தின் பகுத்தறிவையும் பௌத்தத்தின் அறத்தையும் தனித்தனி அதிகாரங்களாக ஆராய்ந்தார். கட்டளைக்குப் பணிவது அறமாகாது என்பதும், கூடுவிட்டுக் கூடுபாயும் ஆன்மா ஒன்று இல்லை என்பதும் அவர் துணிபு.

இம்முறை அவர் புதிதாகப் புனைந்ததன்று. கேசபுத்த நகரத்துக் காலாமர்கள் பலவகைப் போதகர்களின் சொற்களால் மயங்கி நின்றபோது, பகவன் புத்தர் மரபையோ மறையையோ சான்றாகக் காட்டவில்லை. பேராசையும் பகையும் மயக்கமும் மனிதனுக்கு நலம் பயக்கின்றனவா, தீங்கு பயக்கின்றனவா என்று அவர்களையே ஆராய்ந்து தெளியச் செய்தார். நலமும் தீங்கும் காணத்தக்கவை. ஆதலின் அறமும் ஆராயத்தக்கதே.

எனினும் இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. நஞ்சு உயிரைப் போக்கும் என்று விஞ்ஞானம் சொல்லும். அயலான் உயிரை நான் ஏன் காக்க வேண்டும் என்று அது சொல்லுமோ? மேலும், ஊராரின் நலமே அறமெனக் கொண்டால், ஊரின் சுகத்துக்காகச் சேரியை வாட்டுவதும் அறம் என்று ஒருவன் கணக்குக் காட்டக்கூடுமே! அளவுகோல் செவ்விதாயினும், யாரை அளவில் சேர்ப்பது என்பதில் வஞ்சனை புகுந்துவிடும். மூக்கின் அளவைக் கொண்டு சாதிகளை வரிசைப்படுத்த முயன்ற ரிஸ்லி போன்றோரும் விஞ்ஞானத்தின் பெயராலேயே அதனைச் செய்தனர்.

இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்கும் மருந்து அனாத்மக் கொள்கையே. தனித்து நிலைக்கும் 'நான்' என்பது பொய்யாயின், என் துன்பத்தை மட்டும் துன்பமெனக் கருதுவதற்கு நியாயம் ஏது? துன்பம் எங்குளதோ அங்கே அது நீக்கத்தக்கதே. சேரியின் துன்பத்தைக் கணக்கில் சேர்க்காத நலம் குறைவுற்ற நலம் மட்டுமன்று, பொய்க் கணக்குமாகும். விஞ்ஞானம் துன்பத்தின் காரணத்தையும் நீக்கும் வழியையும் காட்டும். 'நான்', 'எனது' என்னும் செருக்கு அகன்ற உள்ளமே அவ்வழியில் எல்லோரையும் அழைத்துச் செல்லும். இரண்டும் கூடியதே தம்மம்.

நரசு அவர்கள் இதனை ஏட்டோடு நிறுத்தினாரல்லர். 1922ஆம் ஆண்டில் சாதியைப் பற்றித் தனி நூலே எழுதி அதன் கேட்டினை எடுத்துக்காட்டினார். 1934ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். 1948ஆம் ஆண்டில் அவரது பௌத்த நூல் மறுபதிப்புப் பெற்றபோது, பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் அதற்கு முன்னுரை வழங்கி அவரைப் போற்றினார். எட்டு ஆண்டுகளுக்குப்பின், 1956ஆம் ஆண்டில், நாகபுரியில் பாபாசாகேப் இலட்சக்கணக்கான மக்களுடன் தம்மம் தழுவினார்.

அன்பர்காள்! எதற்கு அஞ்சி அறம் செய்கிறீர் என்று இனி எவரேனும் வினவின், அஞ்சி அன்று, அறிந்து செய்கிறோம் என்று விடை பகர்வோம். அவ்விடை மெய்யாவது, நம் இல்லத்திலும் தெருவிலும் எவருடைய துன்பத்தையும் கணக்கிலிருந்து நீக்காதபோதே.