மலாயா மருத்துவர் மகானாக உயர்ந்த வரலாறு

தைப்பூசத்திற்கு முதல் நாள் விடியற்காலையில், பினாங்கு வீதியிலுள்ள கோவில் வீட்டிலிருந்து முருகப்பெருமான் வெள்ளி இரதத்தில் எழுந்தருளித் தண்ணீர்மலையை நோக்கிப் புறப்படுகிறார். அந்த இரதம் 1894ஆம் ஆண்டில் தமிழகத்திலிருந்து கப்பலேறி நமது துறைமுகத்தில் வந்திறங்கியது. வழிநெடுகிலும் தேங்காய்கள் உடைபடுகின்றன. தண்ணீர்ப் பந்தல்களில் அன்பர்களின் தாகம் தணிகிறது. தண்ணீர்மலையின் உச்சியில் 2012ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்ட அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயத்தை அடைய 513 படிகள் ஏற வேண்டும்.

அப்படிகளை ஒரே தாவலில் கடந்தவர் எவருமிலர். முதியவரும் இளைஞரும், காவடி சுமப்பவரும் கைக்குழந்தையைச் சுமப்பவரும் ஒவ்வொரு படியாகவே ஏறுகின்றனர். இம்மலைநாட்டில் பத்தாண்டுக் காலம் வாழ்ந்த தமிழ் மருத்துவர் ஒருவர், ஆன்மிகம் என்னும் மலையையும் அவ்வாறே ஏறினார். மலாயாவில் அவர் டாக்டர் குப்புசாமி. பிற்காலத்தில் உலகம் அவரைச் சுவாமி சிவானந்தர் என்று போற்றியது. ஒரே இரவில் அனைத்தையும் துறந்து ஞானியானவர் என்று அவரைக் கருதுவோர் உண்டு. அவருடைய வரலாற்றை ஊன்றிப் படித்தால், நாள்தோறும் தம்மைத் தாமே சோதித்துச் சிறுகச் சிறுகத் திருத்திக் கொண்ட ஒருவரையே அங்குக் காண்கிறோம்.

பத்தமடை தந்த பிள்ளை

திருநெல்வேலிச் சீமையில், தாமிரபரணி பாயும் வளநாட்டில், கோரைப்பாய்க்குப் பெயர்பெற்ற பத்தமடை என்னும் சிற்றூரில் 1887ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் குப்புசாமி பிறந்தார். தந்தையார் வெங்கு ஐயர், தாயார் பார்வதி அம்மாள். சிவநெறியில் ஊறிய அக்குடும்பம், வடமொழிப் பேரறிஞர் அப்பைய தீட்சிதரின் மரபில் வந்தது. தந்தையார் எட்டயபுரம் சமஸ்தானத்தில் வருவாய் அலுவலராகப் பணியாற்றியதால், குப்புசாமியின் பள்ளிப் படிப்பும் எட்டயபுரத்திலேயே நடைபெற்றது.

பள்ளிக் கல்வி முடிந்தபின் திருச்சிராப்பள்ளியில் கல்லூரியிலும், அதன்பின் தஞ்சாவூரில் மருத்துவப் பள்ளியிலும் பயின்றார். 1909ஆம் ஆண்டில், தாயார் கொடுத்த நூறு ரூபாயை முதலாகக் கொண்டு, 'அம்புரோசியா' என்னும் மருத்துவ மாத இதழைத் தொடங்கினார். தாம் அறிந்த மருத்துவத்தை மக்களும் அறிய வேண்டும் என்னும் ஆர்வமே அதற்குக் காரணம். அவ்விதழ் ஏறத்தாழ நான்காண்டுகள் வெளிவந்தது. அறிந்ததைப் பிறருக்கு வழங்கும் அவ்வியல்பு இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

கடல் கடந்த மருத்துவர்

1913ஆம் ஆண்டில் குப்புசாமி மலாயாவுக்குக் கப்பலேறினார். அக்காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த கப்பல்கள் முதலில் பினாங்கைத் தொட்டு, பிறகே தெற்கே சிங்கப்பூர் செல்வது வழக்கம். பாய்மூட்டையும் தகரப்பெட்டியுமாக வந்த எண்ணற்ற தமிழர்கள் முதன்முதலாகக் கண்ட மலாயா மண் நமது துறைமுகமே. சைவ உணவில் உறுதியாயிருந்த குப்புசாமி, தாயார் செய்து கொடுத்த இனிப்புப் பண்டங்களைக் கொண்டே அக்கடற்பயணத்தைக் கழித்தார். கரையேறியபோது அவர் பெரிதும் களைத்துத் தளர்ந்திருந்தார்.

நெகிரி செம்பிலானில் சிரம்பானை அடுத்த ரப்பர்த் தோட்ட மருத்துவமனை ஒன்றின் பொறுப்பு அவருக்குக் கிட்டியது. அங்கு ஏறத்தாழ ஏழாண்டுகளும், பிறகு ஜொகூரில் மூன்றாண்டுகளும் பணியாற்றினார். காடழித்துப் பால்மரம் நட்ட காலம் அது. காய்ச்சலும் வயிற்று நோயும் தோட்டப் பாட்டாளிகளை வாட்டின. குப்புசாமி இரவு பகல் பாராமல் அவர்களுக்கு மருத்துவம் செய்தார். நோய் தீர்ந்து வீடு திரும்பும் ஏழைகளுக்கு, வேலைக்குச் செல்லும் வலிமை வரும்வரை செலவுக்கு ஆகட்டும் என்று தம் கைப்பணத்தையும் கொடுத்தனுப்பினார். வேலையற்ற இளைஞர்களுக்கு மருத்துவமனைப் பணியைக் கற்பித்து, வேலையும் தேடித் தந்தார்.

பத்து விரல்களில் பத்து மோதிரங்கள்

இவ்வளவு நற்குணம் படைத்தவரிடம் குறையே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். அவருக்கு ஆடை அணிகளில் பேராசை இருந்தது. உயர்ந்த உடைகளை உடுத்துவார். பொன், வெள்ளி, சந்தனத்தால் ஆன கலைப்பொருள்களைக் கண்டால் விலை பேசாமல் வாங்குவார். சில வேளைகளில் பத்து விரல்களிலும் பத்து மோதிரங்களை அணிந்து கொண்டதும் உண்டு. பிற்காலத்தில் துறவியாகிப் புகழ் பெற்றபின், இச்செய்தியைத் தம் வரலாற்றில் மறைக்காமல் அவரே எழுதினார். தம் குறையைத் தாமே கண்டு, அதனை ஒளிக்காமல் சொல்லும் துணிவே தன்னை அறிதலின் தொடக்கமன்றோ?

மோதிரங்கள் விரல்களை அலங்கரித்த அதே ஆண்டுகளில் மற்றொரு மாறுதலும் ஓசையின்றி நிகழ்ந்து வந்தது. அவர் வழிபாட்டைக் கைவிடவில்லை, பஜனை பாடினார், துறவியரை வீட்டிற்கு அழைத்து உபசரித்தார். அவ்வாறு அவரிடம் மருத்துவம் பெற்ற சாது ஒருவர், சீவனும் பிரம்மமும் ஒன்றே என்னும் உண்மையை விளக்கும் வேதாந்த நூலொன்றை அவருக்கு அளித்தார். அந்நூல் மேலும் பல நூல்களுக்கு வழிகாட்டியது. சங்கரர், விவேகானந்தர், இராமதீர்த்தர் ஆகியோரின் நூல்களோடு விவிலியத்தையும் அவர் கற்றார். உண்பதும் உழைப்பதும் உறங்குவதுமாகிய வட்டத்திற்கு மேல் வாழ்வுக்கு உயர்ந்த நோக்கம் இல்லையா என்னும் கேள்வி அவருள்ளத்தில் நாளுக்கு நாள் வலுத்தது.

1923ஆம் ஆண்டில் நல்ல வருவாயையும் வசதியையும் விட்டு அவர் தாயகம் திரும்பினார். வெளியே பார்ப்போருக்கு அது திடீர் முடிவாகத் தோன்றியிருக்கலாம். பத்தாண்டுகள் மரத்திலேயே பழுத்த கனி, காம்பு விட்ட நாள் அது என்பதே பொருந்தும்.

கங்கைக் கரையில்

சென்னையில் இறங்கியவர், தம் பெட்டிகளை நண்பர் வீட்டில் விட்டுவிட்டுத் தல யாத்திரை புறப்பட்டார். காசியில் விசுவநாதரை வழிபட்டார். மராட்டிய நாட்டில் பல தலங்களைத் தரிசித்துச் சந்திரபாகை நதிக்கரையிலுள்ள சிற்றூர் ஒன்றை அடைந்தார். அங்கு ஓர் அஞ்சல் அலுவலரின் வீட்டில் சில மாதங்கள் தங்கிச் சமையல் செய்தார். மலாயாவில் பலரை ஏவி வேலை வாங்கிய கைகள் அடுப்பூதின. பிறருக்குப் பணி செய்யும் எளிமையைத் தமக்குத் தாமே கற்பித்துக் கொண்ட காலம் அது. ரிஷிகேசம் செல்லுமாறு அவருக்கு வழி சொன்னவர் அந்த அஞ்சல் அலுவலரே.

1924ஆம் ஆண்டு மே மாதத்தில் ரிஷிகேசத்தை அடைந்தார். ஜூன் 1ஆம் நாள் சுவாமி விசுவானந்த சரசுவதியிடம் துறவு பெற்றுச் சிவானந்த சரசுவதி என்னும் திருப்பெயர் ஏற்றார். கங்கையின் மறுகரையில், சுவர்க்காசிரமத்தில், சிறு குடிலொன்றில் வாழ்ந்தார். அன்ன சத்திரத்தில் பிச்சை ஏற்று, உலர்ந்த ரொட்டியைக் கங்கை நீரில் நனைத்து உண்டார். காவி உடுத்தியதும் மருத்துவத்தை மறக்கவில்லை. நோயுற்ற சாதுக்களைத் தேடிச் சென்று பணி செய்தார். காப்புறுதிப் பத்திரத்தின் வாயிலாகத் தமக்குக் கிடைத்த பணத்தைக் கொண்டு, இலட்சுமண ஜூலாவில் இலவச மருந்தகம் நடத்தினார்.

நாட்குறிப்பு என்னும் கண்ணாடி

காவி உடுத்திய அன்றே மனம் அடங்கிவிடும் என்று சுவாமிகள் நம்பவில்லை. ஆதலால் தமக்கென நாட்குறிப்பு வைத்துக் கொண்டார். உப்பையும் இனிப்பையும் சில நாள் விடுவது, தாழ்ந்தவர் எனப்பட்டோருக்குப் பணி செய்வது, சாதுக்களின் துணிகளைத் துவைப்பது, கழிவை அகற்றுவது எனத் தமக்குத் தாமே கட்டளைகளை எழுதி அவற்றை நிறைவேற்றினார். மனம் எதனைக் கண்டு கூசியதோ, அதனையே செய்து அக்கூச்சத்தை வென்றார்.

பின்னாளில் சீடர்களுக்கும் அம்முறையையே வகுத்தளித்தார். அவர் அமைத்த ஆன்மிக நாட்குறிப்பில் வினாக்கள் மிக எளியவை. எத்தனை மணிக்கு எழுந்தாய், எவ்வளவு நேரம் உறங்கினாய், எத்தனை மாலை செபித்தாய், எத்தனை பொய் சொன்னாய், எத்தனை முறை சினந்தாய், பிறருக்காக எவ்வளவு நேரம் உழைத்தாய், எந்தத் தீய பழக்கத்தை விட முயல்கிறாய் என்னும் பொருளில் அவை அமைந்தன. தவறு நேர்ந்தால் அதற்குத் தண்டனையும் தானே விதித்துக் கொள்ள வேண்டும்: ஒருவேளை உணவை விடலாம், கூடுதலாகச் சில மாலைகள் செபிக்கலாம். செபத்தையும் ஒரு மாலையில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துமாறு அவர் அறிவுறுத்தினார்.

பினாங்கு வீதியின் கிட்டங்கிகளில் நகரத்தார் பெருமக்கள் அன்றாட வரவு செலவைச் சிட்டையில் எழுதி, பேரேட்டில் ஏற்றி, ஐந்தொகை கட்டிய முறையை நம் முன்னோர் நன்கறிவர். ஒரு நாள் கணக்கு விடுபட்டால் தொழில் எங்கே நிற்கிறது என்பது தெரியாமற் போகும். அக்கணக்கு முறையைச் சுவாமிகள் மனத்திற்குக் கொண்டு வந்தார். பெருங்குணங்களைப் பற்றிப் பேசுவது எளிது. இன்று எத்தனை முறை சினந்தேன் என்று எண்ணி எழுதும்போது, நம் உண்மை நிலை நமக்கே தெரிந்துவிடுகிறது. நேற்று ஐந்து, இன்று நான்கு என்றால், அந்த ஒன்றே அன்றைய வரவு.

கோடரி முன் சோதனை

அக்கணக்கு வெறும் ஏட்டளவில் நின்றதா என்பதைக் காலம் சோதித்தது. 1936ஆம் ஆண்டில் அவர் நிறுவிய தெய்வ நெறிக் கழகம் வளர்ந்து, உலகின் பல நாடுகளிலிருந்தும் அன்பர்கள் நாடிவந்த காலம். 1950ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஒரு மாலை, ஆசிரமக் கூட்டு வழிபாட்டின்போது ஒருவர் கோடரியால் சுவாமிகளின் தலையை நோக்கித் தாக்கினார். குளிருக்காக அணிந்திருந்த தலைப்பாகையும் இறையருளும் அவரைக் காத்தன. பிடிபட்டவரைத் துன்புறுத்தவோ, வழக்குத் தொடுக்கவோ சுவாமிகள் இசையவில்லை. அவரை வணங்கினார், தம் நூல்களைக் கொடுத்தார், சொந்த ஊருக்குச் செல்ல ஏற்பாடும் செய்தார்.

கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழும் தாக்குதலின்போது, எவ்வாறு நடப்பது என்று ஆராய ஒருவருக்கு அவகாசமில்லை. உள்ளே எது பழகியிருக்கிறதோ அதுவே வெளிப்படும். இருபத்தைந்து ஆண்டுகளாக நாள்தோறும் சினத்தை எண்ணிக் கழித்து வந்தவரிடம், அன்று செலவழிக்கச் சினம் மீதியில்லை.

1963ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் சுவாமிகள் மகாசமாதி எய்தினார். அவருடைய சீடர்களான சிதானந்தர், கிருஷ்ணானந்தர், சத்தியானந்தர், விஷ்ணுதேவானந்தர் முதலியோர் அவர் பணியை உலகெங்கும் பரப்பினர். அவர் உழைத்துப் பக்குவமடைந்த இம்மலைநாட்டிலும், பத்துமலையை அடுத்து அவர் பெயரால் ஆசிரமம் விளங்குகிறது.

பூசத்திற்கு மறுநாள்

நம்மில் பலர் ஒரு மண்டலம் விரதம் இருந்து காவடி எடுக்கிறோம். புலால் மறுக்கிறோம், மது மறுக்கிறோம், கடுஞ்சொல் தவிர்க்கிறோம். காவடியை இறக்கி வைத்த மறுநாளே, விட்டவை அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்துவிடுவதையும் காண்கிறோம். நாற்பத்தெட்டு நாள் முடிந்தது, நாற்பத்தொன்பதாம் நாள் ஏன் முடியவில்லை? இக்கேள்வியை ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

விரத நாள்களில் விட்டவற்றுள் ஒன்றே ஒன்றையேனும் மீண்டும் தொடாதிருக்கத் தீர்மானிக்கலாம். இரவு உறங்குமுன் ஒரு சிறு ஏட்டில் அன்றைய கணக்கை எழுதலாம். தவறிய நாளையும் தவறாமல் எழுத வேண்டும். பத்து மோதிரங்களை மறைக்காத மகானின் வழி அதுவே. அடுத்த பூசத்தில் நாம் தண்ணீர்மலைப் படிகளில் ஏறும்போது, கால்களோடு உள்ளமும் ஒரு படியேனும் உயர்ந்திருக்குமானால், அதுவே தண்டாயுதபாணிக்கு உகந்த காணிக்கை.

அத்திருவருளைத் தண்ணீர்மலையான் அனைவருக்கும் பாலிப்பானாக.